வேன் அண்ணனின் ப்ராப்பர் நவுன்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் எத்தனை வகை, பிரதிப்பெயர் எத்தனை வகை என்று ஒரு வேன் நிறைய இருந்த பெண்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். அந்த வேனை ஓட்டியவரின் பெயர் ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாது. அது தெரியாமல் போனதால் அவர் உயிருக்கே ஆபத்து வந்திருக்கும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேனில் இருந்த மற்றவர்கள் எனக்கு முன்பே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள், அதுவும் குற்றம் முழுவதும் டீச்சருடையதுதான் என்பதுபோல. ஆகவே என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மலாக்காவை ஒட்டிய ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் ஆபீசில் கிளார்க். வீடு ரெம்பியாவில். காலை ஆறு மணிக்கு வேன் ஏறினால் ஏழு மணிக்குள் கேட்டில் இறங்கிவிடலாம். வீட்டில் கார் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, அதை என் கணவர் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். இது கம்பெனி வேன் அல்ல. ரெம்பியாவிலிருந்து அதே தொழிற்சாலைக்குப் போகும் பத்துப் பெண்கள் நாங்களாகவே பேசிப் பிடித்த வேன். முன்பு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய பழைய வெள்ளை வேன். இழுத்துத் திறக்கும் பக்கத்துக் கதவு ஒரே இழுப்பில் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

வேனை ஓட்டியவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றோம். வெளியே பேசும்போது வேன் அண்ணன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் ரப்பர் வெட்டிய எஸ்டேட்டில் பிறந்து, லோரி ஓட்டி, பிறகு இந்த வேனுக்கு வந்தவர். பிள்ளைகள் இல்லை. மனைவி இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் ஹார்ன் அடிக்கமாட்டார். விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார், அவ்வளவுதான். நான் சேலைக்குப் பின் குத்திக்கொண்டே பார்க்காமல் இருந்துவிட்டால் அப்படியே காத்திருப்பார். "ஹார்ன் அடிக்கலாம்ல அண்ணே?" என்றால், "ஒங்களுக்காக ஒரு தெருவையே எழுப்பணுமா லா?" என்பார்.

எங்கள் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்களில் யாரும் வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். கூப்பிடாததைத் தெரிந்துகொள்ளவும் மாட்டோம். வேனில் கடைசி வரிசையில் உட்கார்பவர் கடைசி சீட்டு அக்கா. புதிதாகச் சேர்ந்தவள் சின்னவள். அவளுக்கு இருபத்தாறு வயதாகி, கல்யாணமும் ஆகிவிட்டது, ஆனாலும் சின்னவள்தான். பெயரைக் கேட்பதற்கும் ஒரு காலக்கெடு உண்டு. முதல் வாரத்தில் கேட்டால் அது அறிமுகம். ஒன்பதாவது வருடத்தில், "ஆமா அண்ணே, ஒங்க பேரு என்ன?" என்று கேட்டால், இத்தனை நாள் உன்னை மனிதனாகவே மதிக்கவில்லை என்று சொல்வதாகிவிடும். முதல் வாரத்தில் நான் கேட்கவில்லை. அப்புறம் கேட்க முடியவில்லை.

பாடம் தொடங்கியதற்குக் காரணம் கடைசி சீட்டு அக்கா. அவர் இருபது வருடமாக ஒரே லைனில் வேலை செய்கிறவர். அந்த லைனுக்குத் தலைவியாக வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். லைன் லீடர் ஆக வேண்டுமானால் ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு சோதனை எழுத வேண்டும் என்று போன வருடம் கம்பெனியில் அறிவித்தார்கள். அன்று மாலை அக்கா வேனில் ஏறியதும் கடைசி சீட்டுக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் டீச்சர்," என்றார். அதுவரை என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. "எனக்கு இந்த நவுன், ப்ரோநவுன்லாம் சொல்லிக் குடுப்பியா? நேத்து வந்த பிள்ள எல்லாம் எனக்கு லீடரா வந்து நிக்குது. எனக்கு மட்டும் என்ன, கை இல்லையா?"

எனக்கு யாராவது ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் போதும், தலைகால் புரியாது. மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, முன் வரிசையில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு வகுப்பை ஆரம்பித்துவிட்டேன். அக்காவுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுக்கப் போனேன். மூன்றாம் நாள் வேன் மொத்தமும் மாணவிகள். தூங்குகிறவர்கள்கூடக் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னார்கள்.

"பேரச் சொல்ற சொல்லு எல்லாமே நவுன்," என்று தொடங்கினேன். "ஊர்னு சொன்னா அது காமன் நவுன். எந்த ஊருக்கும் பொருந்தும். ரெம்பியான்னு சொன்னா ப்ராப்பர் நவுன். அது ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு மொத எழுத்து பெரிசா போடணும். ஏன்னா அதுக்கு மரியாத."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உதாரணம் தேடினோம். மரம், காமன். கடை, காமன். கடைமேல் எழுதியிருக்கிற பெயர், ப்ராப்பர். செம்பனைக் குலை ஏற்றிய லோரி, காமன். அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மெதுவாக ஊர்ந்தால் வகுப்புக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

கடைசி சீட்டு அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சாமி எது? காமனா, ப்ராப்பரா?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் பக்கமிருந்து பதில் வந்தது. "எந்தச் சாமின்னு கேட்டா ப்ராப்பரு. அடி விழுந்ததும் சாமியேன்னு கத்துறோமே, அது காமனு."

வேனே சிரித்தது. எனக்குப் பாராட்டவும் மனமில்லை, மறுக்கவும் முடியவில்லை. அதன்பிறகு அண்ணனும் மாணவராகிவிட்டார். பாடம் நடக்கும்போது ரேடியோவைக் குறைத்துவிடுவார். யாருக்கும் பதில் தெரியாதபோது அவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். சொல்லட்டுமா என்று அர்த்தம்.

கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் தனித்தனிப் பெயர் உண்டு, மாட்டுக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, அதற்குக் கலெக்டிவ் நவுன் என்று பெயர் என்றேன். உடனே சின்னவள் கேட்டாள், "அப்ப வேன்ல போற பொம்பளைங்களுக்கு என்ன டீச்சர்?"

"சத்தம்," என்றார் அண்ணன்.

எண்ண முடிவது, எண்ண முடியாதது என்ற பாடத்தில் எல்லோரும் சிக்கிக்கொண்டார்கள். அரிசி எண்ண முடியாதது என்றேன். ஏன் முடியாது, பொறுமை இருந்தால் எண்ணலாமே என்று ஒரு கட்சி. அட்வைஸ் என்பதையும் ஆங்கிலத்தில் எண்ண முடியாது, ஒன்று இரண்டு என்று சொல்லக்கூடாது என்று சொன்னேன்.

"அது சரியாத்தான் சொல்லிருக்கான் வெள்ளக்காரன்," என்றார் அண்ணன். "எங்க வீட்டுல உள்ளவங்க எனக்குச் சொன்ன அட்வைச யாராலயும் எண்ணியிருக்க முடியாது."

சிரிக்கத் தொடங்கி, பாதியில் எல்லோரும் நிறுத்திக்கொண்டோம். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே கியர் மாற்றினார். அவர் மனைவியின் பெயர் மட்டும் எங்களுக்குத் தெரியும். இறந்த வீட்டு வாசலில் படம் போட்டு, கீழே பெயரை எழுதியிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அவர் எங்களுக்கு வேன் அண்ணி.

ப்ரோநவுனுக்கு வந்ததும்தான் எனக்கும் அண்ணனுக்கும் உரசல் வந்தது. பெயருக்குப் பதிலாக வருகிற சொல் ப்ரோநவுன். ஐ, யூ, ஹீ, ஷீ. நம் தமிழ்ப் பள்ளியில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே, அதுதான் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் மூவிடத்தையும் உதாரணத்தோடு ஒப்பித்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஆனால் பேச வைத்தால் ஒருவர் வாயிலும் ப்ரோநவுன் வரவில்லை. மேனேஜரிடம் பேசுவதுபோல் பேசிக்காட்டச் சொன்னேன். கடைசி சீட்டு அக்கா, "பாஸ் ஆல்ரெடி ஈட்?" என்றார்.

"அக்கா, யூ சொல்லணும். ஹேவ் யூ ஈட்டன்."

"ஐயோ, பெரிய மனுசர மூஞ்சிக்கு நேரா யூ-ங்கறதா? என் அம்மா கேட்டா செருப்பால அடிக்கும்."

அண்ணன் இன்னும் மோசம். அவருக்குத் தன்மையே கிடையாது. எந்த மொழியில் பேசினாலும் தன்னை அண்ணன் என்றுதான் சொல்லிக்கொள்வார். "அண்ணன் டுமோரோ கோ வொர்க்‌ஷாப்." "அண்ணன் நோ ஸ்லீப்." நான் ஒவ்வொரு முறையும், "ஐ! ஐ!" என்று கத்துவேன்.

ஒருநாள் டுரியான் துங்கால் சிக்னலில் நின்றபோது அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஐ-ன்னு சொன்னா யாரோ வெளியாளு பேசற மாதிரி இருக்கு தங்கச்சி. அண்ணன்னு சொன்னா நான் யாருன்னும் தெரியுது, நீங்க யாருன்னும் தெரியுது."

"அதெல்லாம் சரி அண்ணே, சோதனையில மார்க் கெடைக்காது."

"அண்ணனுக்கு எதுக்கு மார்க்கு?" என்று சொல்லிவிட்டு, மாத்திரை டப்பாவைத் திறந்தார். அந்தச் சிக்னலில் தினமும் அவர் மாத்திரை சாப்பிடுவார். ஒன்று முழுசு, ஒன்று பாதி. பச்சை விழுவதற்குள் தண்ணீரும் குடித்து முடித்துவிடுவார். என்ன மாத்திரை என்று நாங்கள் கேட்டதில்லை. மூத்தவரின் நோயைக் கேட்பதும் பெயரைக் கேட்பது மாதிரிதான்.

சோதனை ஒரு வியாழக்கிழமை மதியம் நடந்தது. கம்ப்யூட்டரில் எழுதியதால் முடித்தவுடனே முடிவும் வந்துவிட்டது. கடைசி சீட்டு அக்கா தேறிவிட்டார். ஸ்டோர் ஆபீஸ் வாசலுக்கே ஓடிவந்து, அத்தனை பேர் பார்க்க, என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். ஐந்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே எல்லோரும் கூடிவிட்டோம். அண்ணனிடம் யார் முதலில் சொல்வது என்று போட்டி. அக்கா யாரும் சொல்லக்கூடாது, நானே சொல்வேன், அதுவும் ஆங்கிலத்தில்தான் என்றார்.

வேன் வரவில்லை. ஐந்தே கால் ஆயிற்று. எங்களுக்கு முன்பே வந்து நிழலில் நிற்கும் வேன் அது. போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்தார்கள், ஆனால் குரல் வேறு. ரெம்பியாவில் வேன் பழுது பார்க்கும் வொர்க்‌ஷாப்பின் சீன முதலாளி.

மலாய்தான் பேசினார். பிரேக் மாற்ற வேனைக் கொண்டுவந்தார், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், வாய் கோணிவிட்டது, பேச்சு வரவில்லை, ஆம்புலன்ஸ் வந்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டது, இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை என்றார். போனும் மற்றதும் இங்கேயே கிடக்கின்றன, அவர் சட்டைப்பையில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

போனில் கார் பிடித்தோம். நானும் கடைசி சீட்டு அக்காவும் சின்னவளும் ஏறினோம். புக்கிட் பெருவாங் வழியெல்லாம் வேலை விட்டுப் போகிற வண்டிகள், நகரவே இல்லை. அக்கா கையில் அந்தச் சோதனை முடிவுத் தாளை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்கு ஆக்கிவிட்டார்.

அவசரப் பிரிவு கவுண்டரில் ஒரு தாதி இருந்தார். நான்தான் முன்னால் போனேன். எங்கே போனாலும் நான்தான் முன்னால் போவேன்.

"ரெம்பியாவிலிருந்து ஆம்புலன்ஸில் வந்தவர்," என்று மலாயில் சொன்னேன்.

"சியாப்பா நாமா டியா?" என்று கேட்டார். அவர் பெயர் என்ன?

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அக்கா சின்னவளைப் பார்த்தார். சின்னவள் என்னைப் பார்த்தாள். மூன்று பேருமாக மூன்று போனை எடுத்துத் தேடினோம். என் போனில் வேன் அண்ணன். அக்காவின் போனில் வெறும் அண்ணன். சின்னவளின் போனில் வேன், அவ்வளவுதான், மனிதர்கூட இல்லை. வாட்ஸப்பில் அவர் தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேல் படம் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்.

தாதி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கள் அவருக்கு என்ன வேண்டும்?"

"தங்கச்சி," என்றேன். வாய் தவறி வரவில்லை. ஒன்பது வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"தங்கச்சிக்கு அண்ணன் பெயர் தெரியாதா?"

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? அந்த அம்மா கேட்டதில் என்ன தப்பு? தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஊருக்கு உபதேசம் செய்தவள், ப்ராப்பர் நவுனுக்குப் பெரிய எழுத்து போடுவது மரியாதை என்று நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டவள், ஒரு மனிதரின் பெயரைக் கேட்டதும் ஊமையாகி நின்றேன்.

உள்ளேயிருந்து ஒரு இளம் டாக்டர் வந்தார். மலாய்ப் பெண். கோபப்படவில்லை, ஆனால் அவசரத்தில் இருந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, அதைக் கரைக்க ஒரு ஊசி உண்டு, சீக்கிரம் போட வேண்டும் என்றார். ஆனால் ஏற்கெனவே ரத்தத்தை இளக்குகிற மருந்து சாப்பிடுபவராக இருந்தால் அந்த ஊசியே ஆபத்தாகிவிடும். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அவருடைய பெயரோ ஐசி என்கிற அடையாள அட்டையின் எண்ணோ கிடைத்தால் பழைய பதிவைப் பார்த்துவிடலாம் என்றார்.

"என்ன மருந்து சாப்பிடுவார், தெரியுமா?"

தெரிந்ததை எல்லாம் மூன்று பேரும் கொட்டினோம். காலையில் ஒன்று முழுசு, ஒன்று பாதி. டுரியான் துங்கால் சிக்னலில் சாப்பிடுவார். பாதி மாத்திரை இளஞ்சிவப்பு நிறம் என்றாள் சின்னவள். தோசைக்குச் சாம்பார் தொடமாட்டார், சட்னிதான் என்றார் அக்கா. அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ஐஸ் போட்டுக் குடிக்கமாட்டார், இடது முட்டி வலிக்கும், மழை வந்தால் அவரே இறங்கிக் குடை பிடித்து ஒவ்வொருவராக வீட்டில் விடுவார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் தெரிந்திருக்கிறது," என்றார். "பெயர் மட்டும் வேண்டும். நிறத்தை வைத்து நான் முடிவு செய்ய முடியாது."

வொர்க்‌ஷாப்புக்கு அடித்தேன். முதலாளிதான் அண்ணனின் போனை எடுத்தார்.

"அவர் பேர் என்ன, ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஆனே," என்றார் அவர் உடனே. சீனர்களுக்கு எல்லா அண்ணனும் ஆனேதான்.

"அது பேர் இல்ல!" என்று கத்திவிட்டேன். அக்கம்பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பதினைந்து வருடமாக என்னிடம்தான் வண்டியைக் கொடுக்கிறார், பில்லில்கூட ஆனே வேன் என்றுதான் எழுதுவேன், இதுவரை யாரும் வேறு பெயர் கேட்டதில்லை என்றார். பிறகு, கொஞ்சம் இரு, கதவில் எழுதியிருக்கும் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளி வேனாக ஓடிய வண்டியல்லவா? அந்த மாதிரி வண்டிகளில் சொந்தக்காரர் பெயரும் ஊரும் கதவில் எழுதியிருப்பார்கள். எழுதித்தான் இருந்தது. பக்கத்துக் கதவில், கைப்பிடிக்குப் பக்கத்தில், சின்னக் கறுப்பு எழுத்தில். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒன்பது வருடம், அதைப் பார்த்தபடிதான் நான் கதவை இழுத்திருக்கிறேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது இதுதான்.

முதலாளி போட்டோ எடுத்து அனுப்பினார். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் இருந்தது, எண் இருந்தது. பெயர் இருந்த இடத்தில் பெயிண்ட் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. பத்துப் பெண்களும் உள்ளங்கையை அழுத்தி அழுத்தித் தள்ளிய இடம் அது. முதல் எழுத்தும் கடைசியில் பாதி எழுத்தும்தான் மிச்சம். படிக்காமல் போனது மட்டுமல்ல, நாங்களே சேர்ந்து அழித்தும் வைத்திருக்கிறோம்.

"உள்ள பாருங்க!" என்று மறுபடி அடித்தேன். "டாஷ்போர்டு, சீட்டுக்கு அடியில, எங்கயாவது ஐசி இருக்கும்!"

அவர் தேடுகிற சத்தம் போனில் கேட்டது. எதையோ தள்ளுகிறார், எதுவோ விழுகிறது. அக்கா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் மறுநாள் வரை தடம் இருந்தது. டிரைவர் சீட்டுக்கு மேலே, வெயிலுக்கு மடக்கிவிடுகிற பலகையில், ரப்பர் பேண்டு போட்டு ஐசியைச் செருகி வைத்திருந்தாராம். படம் வந்தது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நல்ல பெயர், நீளமான பெயர், பின்னாலேயே அவர் அப்பாவின் பெயரும். அதை நான் ஒரு தடவை சத்தமாகப் படித்தேன். மூத்தவரின் பெயரைச் சொல்வது அதுதான் எனக்கு முதல் தடவை, வாய் கூசியது. அக்காவும் சின்னவளும் யாரோ புது ஆளைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தாதி கம்ப்யூட்டரில் தட்டினார். பதிவு கிடைத்துவிட்டது. இரண்டு வருடமாக அதே ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு வைத்தியம் பார்ப்பவர், ரத்தத்தை இளக்கும் மருந்துதான் அந்தப் பாதி மாத்திரை. டாக்டர் ஒரு நிமிஷம் திரையைப் பார்த்துவிட்டு, "ஊசி வேண்டாம், வேறு வழி பார்க்கலாம்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார்.

தாதி எங்களைப் பார்க்காமலே சொன்னார்: சிகிச்சைக்குச் சம்மதம் கேட்க வேண்டும், இவருக்கு வாரிஸ் யார் என்று பதிவில் இருக்கிறது, கூப்பிடுகிறேன். வாரிஸ் என்றால் ஏதாவது ஆனால் தகவல் சொல்ல வேண்டிய நெருங்கிய உறவு. அப்படி அவருக்கு ஒருவர் இருக்கிறாரா என்று எங்களுக்கு ஆச்சரியம். மனைவி போன பிறகு யாரும் இல்லை என்றுதானே நினைத்திருந்தோம்?

தாதி போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

என் பையில் போன் அடித்தது.

நான் வீட்டிலிருந்துதான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எடுத்தேன். காதில் தாதியின் குரல், எதிரிலும் தாதியின் குரல். அவர் என் முழுப் பெயரைச் சொன்னார், என் அப்பாவின் பெயரோடு சேர்த்து. கிளினிக்கிலும் பாங்கிலும் எப்போதும் தப்பாக எழுதுகிற அந்த ஒரு எழுத்துகூடச் சரியாக இருந்தது. வேனில் ஏறியதும் என் வேலை அடையாள அட்டையைக் கழற்றி அவரிடம்தானே கொடுப்பேன், இறங்கும்வரை அது முன் கண்ணாடியில் ஆடிக்கொண்டிருக்கும், ஒன்பது வருடமாக. அவர் பார்த்திருக்கிறார். எழுதிக் கொடுக்கும் அளவுக்குப் பார்த்திருக்கிறார். மனைவி இறந்த அடுத்த மாதம் பதிவை மாற்றியிருந்தார். உறவு என்ற இடத்தில் அடிக், தங்கை.

தாதி ரிசீவரைப் பிடித்தபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து வந்து, கையெழுத்துப் போட வேண்டிய தாளை நீட்டி, பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார். அந்தத் தாளில் நான் எப்படிக் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே போட்டேன், அவ்வளவுதான் தெரியும். என் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் யாரும் எனக்காக அப்படி ஒரு தாளில் எதையும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள்.

அவர் பிழைத்தார். வலது கை மட்டும் இன்னும் சரியாகவில்லை. மூன்றாம் நாள் வார்டில் பார்க்க விட்டார்கள். கடைசி சீட்டு அக்கா நசுங்கிப்போன அந்தத் தாளை விரித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் சொல்வேன் என்று சபதம் போட்டவர், தமிழில்கூட ஒன்றும் சொல்ல முடியாமல் வெளியே போய்விட்டார். நானும் அண்ணனும்தான் இருந்தோம்.

எனக்கு அழத் தெரியும், ஆனால் அதற்கு முன் சண்டை போடத்தான் வரும். "என்னண்ணே இது?" என்று ஆரம்பித்தேன். "வாரிஸ்னு என் பேர எழுதியிருக்கீங்க. ரெண்டு வருசமா தெனமும் ரெண்டு வேள ஒங்க வேன்ல வர்றேன். ஒரு வார்த்த என்கிட்ட சொல்லக்கூடாதா?"

அவருக்குப் பேச்சு இன்னும் குழறியது. ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் எடுத்தார். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"கேட்டு, நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா... அப்புறம் எழுத வேற ஆளு இல்ல தங்கச்சி."

மேசைமேல் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவருக்கு ஊட்ட ஆரம்பித்தேன்.